மூலக்கூறு நிரலாக்கம்: யாரோடு கூட்டு, எதில் கூட்டு?

ஒரு டிஎன்ஏ இழையை மூன்று மாதம் சந்தேகப்பட்ட ஆள் நான். உள்ளீடு எதுவும் போடாத டியூபிலும் ஒளிர்வு ஏறிக்கொண்டே போனது. அதாவது டிஎன்ஏ இழைகளால் கட்டிய அந்தக் கணக்குச் சுற்று, யாரும் கேள்வி கேட்காமலே ஒளிர்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தது. வரிசையை மாற்றிப் பார்த்தேன். உப்பைக் குறைத்துப் பார்த்தேன். பைப்பெட் மேல்கூடப் பழி போட்டாயிற்று. கடைசியில் ஒரு மாநாட்டின் தேநீர் இடைவேளையில் வேறொரு ஆய்வகத்து மாணவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதுவா? எங்களுக்கும் அப்படித்தான் வந்துச்சு. வாங்குற இழையில முழுசா வளராத குட்டை இழையும் கலந்திருக்கும். ஜெல்லில் ஓட்டிச் சுத்தம் பண்ணிட்டுப் போடுங்க." அவர்களுக்கு அது இரண்டு வருடமாகத் தெரியுமாம். ஆனால் எங்கும் எழுதவில்லை. தோற்றுப்போன சோதனையை எந்த ஆய்விதழ் அச்சிடும்?

இதை இப்போது நினைக்கக் காரணம், என்னோடு ஒரே ஆய்வகத்தில் படித்த ஜூனியர் ஒருத்தி. இப்போது சொந்தமாகச் சின்னக் குழு வைத்திருக்கிறாள். போன வாரம் கூப்பிட்டாள். "அண்ணா, நாங்க அஞ்சு குழு சேர்ந்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு திட்டம் போடலாம்னு இருக்கோம். எந்த மாதிரி கூட்டு வெச்சுக்கறதுன்னுதான் தெரியல." அன்று போனில் பாதியும் அப்புறம் யோசித்ததில் மீதியுமாகச் சேர்த்து எழுதியது இது.

துறை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மூலக்கூறு நிரலாக்கம் என்பது டிஎன்ஏவை மரபுச் செய்தியாகப் பார்க்காமல் கட்டுமானப் பொருளாகவும் கணக்குப் போடும் பொருளாகவும் பார்ப்பது. எந்த இழை எதோடு ஒட்டும் என்பது வரிசையிலேயே எழுதியிருப்பதால், வரிசையை எழுதுவதே நிரல் எழுதுவது. டியூபில் கலக்கினால் நிரல் ஓடும். ஓட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

இந்தத் துறை பிறந்ததே கூட்டு முயற்சியால்தான் என்று விண்ணப்பங்களில் எழுதுவார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உண்மை வேறு. 1982இல் டிஎன்ஏ கிளைகளைக் கொண்டு பின்னல் கட்டலாம் என்று நெட் சீமன் எழுதியது தனி ஒருவர் கட்டுரை. படிகமாக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மூலக்கூறுகளோடு மல்லாடிய படிகவியல்காரர் அவர். 1994இல் ஏழு புள்ளிகள் கொண்ட வழித்தடக் கணக்கை டிஎன்ஏ கொண்டு தீர்த்தவர் லெனார்ட் ஏடில்மன். இணையப் பரிமாற்றத்தைக் காக்கும் ஆர்எஸ்ஏ முறையின் கடைசி எழுத்து அவர் பெயர்தான். அந்தக் கட்டுரையிலும் ஒரே பெயர். 2006இல் பால் ராத்மண்ட் ஒரு வைரஸின் 7,249 எழுத்து நீள இழையை எடுத்து, இருநூற்றுக்கும் மேற்பட்ட சின்ன இழைகளால் மடித்து, சுமார் 100 நானோமீட்டர் அகலத்தில் சிரிக்கும் முகம் செய்தார். டிஎன்ஏ ஓரிகாமி என்று இன்று எல்லோரும் செய்கிற வேலை அது. அதிலும் ஒரே பெயர்.

ஆக, துறையின் மூன்று அஸ்திவாரக் கற்களையும் மூன்று பேர் தனித்தனியே வைத்திருக்கிறார்கள். கூட்டு வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கூட்டால் எது வரும், எது வராது என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். யோசனை தனியாளுக்கும் வரும். அந்த யோசனைக்கும் வேலை செய்கிற டியூபுக்கும் நடுவே கிடக்கிற பள்ளம்தான் ஒரு ஆளால் தூர்க்க முடியாதது. என் மூன்று மாதம் போனது அந்தப் பள்ளத்தில்தான். அதனால் எந்த மாதிரிக் கூட்டைப் பார்த்தாலும் என் கேள்வி ஒன்றுதான்: பணம் தீர்ந்த மறுநாள் அந்தப் பள்ளத்தில் எவ்வளவு மண் விழுந்திருக்கும்?

முதலில் பெரிய கூட்டுத்திட்டம். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 2008இல் 'எக்ஸ்பெடிஷன்ஸ்' என்ற பெயரில் கணினியியலுக்கு முதல் நான்கு பெரும் நிதிகளைக் கொடுத்தது. ஒவ்வொன்றும் ஐந்து ஆண்டுக்கு 1 கோடி டாலர். அதில் ஒன்று கால்டெக்கில் எரிக் வின்ஃப்ரீ தலைமையில், வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய மூலக்கூறு நிரலாக்கத் திட்டம். பிறகு இன்னொரு சுற்று நிதியும் வந்தது, ஹார்வர்ட் போன்ற இடங்களும் சேர்ந்தன.

இதன் விளைச்சலைக் குறை சொல்ல முடியாது. 2011இல் லூலூ சியானும் வின்ஃப்ரீயும் நான்கு பிட் எண்ணின் வர்க்கமூலத்தைக் கண்டுபிடிக்கும் சுற்றை 130 டிஎன்ஏ இழைகளால் கட்டினார்கள். கணக்குக்குப் பல மணி நேரம் பிடித்தது. கால்குலேட்டரோடு போட்டி போட அல்ல அது. அதுவரை கைவேலையாக இருந்த ஒன்றை விதிப்படி கோத்துக்கொண்டே போகலாம் என்று காட்டியதுதான் பெரிது. 2018இல் கெவின் செர்ரியும் சியானும் கையெழுத்து எண்களை 1 முதல் 9 வரை அடையாளம் காணும் டிஎன்ஏ வலையமைப்பைக் காட்டினார்கள். 2019இல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் 355 சின்ன டிஎன்ஏ ஓடுகள் கொண்ட தொகுப்பு ஒன்று வந்தது. அதிலிருந்து வேண்டியவற்றைப் பொறுக்கிக் கலந்தால் பலவிதமான ஆறு பிட் நிரல்களை ஓட்டலாம். அந்தக் கட்டுரையில் ஏழு பெயர்கள்.

அந்த ஏழில் முதல் இரண்டு பெயர்களைப் பாருங்கள்: டேமியன் வுட்ஸ், டேவ் டோட்டி. இருவரும் காகிதத்தில் தேற்றம் நிறுவுகிற கோட்பாட்டுக் கணினியியல்காரர்கள். அவர்கள் கையில் பைப்பெட் வந்தது பெரிய திட்டங்களின் உண்மையான சாதனை என்பேன். பக்கத்து மேசையில் ஈரவேலை, அதாவது டியூபில் கலக்கிச் செய்யும் சோதனை வேலை, தெரிந்தவர் உட்கார்ந்திருக்க வேண்டும், அவசரமாகக் கட்டுரை போடு என்று யாரும் நெருக்காத சில ஆண்டுகள் வேண்டும். சின்ன நிதியில் இது நடக்காது.

குறை என்ன? உள்ளே இருப்பவர்களுக்குத்தான் இது சொர்க்கம். கசிவை (உள்ளீடு இல்லாமலே ஏறும் ஒளிர்வை) எப்படிக் குறைப்பது, எந்தத் தயாரிப்பில் இழை சரியாக வரும் என்பதெல்லாம் அந்தக் கட்டடத்தின் நடைபாதைகளில் பேச்சாகவே சுற்றும். வெளியே இருப்பவருக்குக் கிடைப்பது முடிந்த கட்டுரை மட்டும். அப்புறம் என் ஜூனியரின் ஐந்து குழுக்கள் சேர்ந்தாலும் 1 கோடி டாலர் வரப்போவதில்லை. பெரிய திட்டத்தின் அமைப்பை மட்டும் காப்பியடித்து, பணத்தில் பத்தில் ஒரு பங்கோடு இறங்கினால் கடைசியில் மிஞ்சுவது மாதாந்திரக் கூட்டக் குறிப்புகள்தான். அப்படி ஒன்றில் நானே குறிப்பெடுத்திருக்கிறேன்.

ஜப்பான் வேறு வழி போனது. 2012 முதல் 2017 வரை மசாமி ஹகியா தலைமையில் மூலக்கூறு ரோபாட்டியல் என்று ஒரு திட்டம் ஓடியது. நிரலாக்கம் என்ற பொதுப் பெயரை விட்டுவிட்டு 'ரோபோ செய்வோம்' என்று ஒரு இலக்கை நட்டார்கள். உணரி, கணக்கிடும் பகுதி, அசையும் பகுதி என்று வேலை பிரிந்தது. 2017இல் தோஹோகு பல்கலைக்கழகக் குழுவினர் சமிக்ஞை மூலக்கூறைப் பார்த்து உருவம் மாறும், அமீபா போன்ற மைக்ரோமீட்டர் அளவு ரோபோவைக் காட்டினார்கள். தனித்தனியாகச் செய்த பாகங்களை ஒரே கொழுப்புப் பைக்குள் போட்டால் ஒன்றையொன்று கெடுக்கும் என்பது இங்கே எல்லோரும் அறிந்த தொல்லை. 'ஒரு பொருள் செய்வோம்' என்று கட்டாயப்படுத்தினால்தான் அந்தத் தொல்லையை யாராவது எதிர்கொள்வார்கள். எனக்குப் பிடித்த மாதிரி இது. ஆனால் இலக்கைத் தேர்ந்தெடுக்க எல்லோரும் ஏற்கிற ஒரு பெரியவர் வேண்டும். ஐந்து குழுக்களில் ஐந்து பேரும் சம வயது என்றால் இலக்கு முடிவாவதற்குள் முதல் வருடம் போய்விடும்.

ஐரோப்பியப் பயிற்சி வலையமைப்பு மூன்றாவது. எஸ்கோ-டிஎன்ஏ, பிறகு 2018இல் தொடங்கிய டிஎன்ஏ-ரோபாட்டிக்ஸ் ஆகியவை மேரி கியூரி நிதியில் நடந்தவை. இந்த நிதியில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. முந்தைய மூன்று ஆண்டில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் எந்த நாட்டில் இருந்தீர்களோ, அந்த நாட்டில் உங்களுக்கு வேலை கிடையாது. பெட்டியைக் கட்டு என்பதுதான் முதல் நிபந்தனை. நடுவில் வேறு கூட்டாளி ஆய்வகத்துக்கும் சில மாதம் போய்வர வேண்டும். மாணவருக்கு எரிச்சல்தான், வீடு பிடிப்பதிலேயே பாதி உயிர் போகும். ஆனால் எழுதாத அறிவு ஊர் ஊராகப் போவதற்கு இதைவிட நல்ல வழி நான் பார்க்கவில்லை. ஜெல்லில் ஓட்டிச் சுத்தம் செய் என்பதைக் கட்டுரை சொல்லாது, வந்து சேர்ந்த பையன் சொல்வான்.

ஆள் நகர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு, இந்த நிதிக்குச் சம்பந்தமில்லாத பழைய சாட்சி ஒன்று உண்டு. 2000இல் பெல் ஆய்வகத்தில் பெர்னார்ட் யூர்க் குழு டிஎன்ஏ இடுக்கி ஒன்றைச் செய்தது. ஒரு இழையைப் போட்டால் மூடும், இன்னொன்றைப் போட்டால் திறக்கும். ஒரு இழை இன்னொன்றைத் தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடிக்கும் இழை இடப்பெயர்ச்சி என்ற, இன்று துறை முழுவதும் ஓடுகிற தந்திரம் வேரூன்றியது அதில்தான். அந்தக் கட்டுரையின் ஐந்து பெயர்களில் ஆண்ட்ரூ டர்பர்ஃபீல்ட் ஆக்ஸ்ஃபோர்டுக்காரர், ஃப்ரீட்ரிக் சிம்மல் பின்னாளில் மியூனிக்கில் பெரிய குழு கட்டியவர். ஒரு இடுக்கியிலிருந்து இரண்டு ஊர்களில் பள்ளிகள் முளைத்தன.

தொழில்துறைக் கூட்டணியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் ஜூனியருக்கு அது பொருந்தாது. 2020இல் இலூமினா, மைக்ரோசாஃப்ட், ட்விஸ்ட் பயோசயன்ஸ், வெஸ்டர்ன் டிஜிட்டல் நான்கும் சேர்ந்து டிஎன்ஏவில் தரவு சேமிக்கும் கூட்டமைப்பைத் தொடங்கின. அதற்கு முந்தைய ஆண்டு மைக்ரோசாஃப்டும் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் 'ஹலோ' என்ற ஐந்து பைட் சொல்லைத் தானியங்கி எந்திரத்தால் டிஎன்ஏவில் எழுதித் திரும்ப வாசித்தன. அதற்கு 21 மணி நேரம் ஆனது. கம்பெனிகள் சேர்ந்தால் தரநிலைகள் சீக்கிரம் வரும், பணமும் சரியான தேதிக்கு வரும். ஆனால் தரநிலை வருவது விற்கப்போகிற பொருளுக்குத்தான். டியூபுக்குள் கணக்குப் போடுவதற்கு இன்னும் கடை திறக்கவில்லை.

மாணவர் போட்டிகளையும் ஒரு வரியில் முடித்துவிடலாம். 2011இல் ஹார்வர்டில் தொடங்கிய பயோமாட், இளங்கலை மாணவர்களை ஒரு கோடை முழுக்க இந்த வேலையில் இறக்கிவிடும். ஆள் சேர்க்க அருமையான வழி, ஆராய்ச்சித் திட்டம் அல்ல.

எதிர் அறைக் கூட்டு என்று ஒன்று இருப்பதை விண்ணப்பம் எழுதுகிறவர்கள் மறந்தே போவார்கள். 2009இல் உயிருள்ள செல்லுக்குள் அமிலத்தன்மையை அளக்கும் டிஎன்ஏ கருவியை யமுனா கிருஷ்ணன் குழு வெளியிட்டது. இடம் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையம். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் படித்தவர் அவர், இப்போது சிகாகோவில் இருக்கிறார். கட்டுரையில் கூட இருந்த பெயர்களில் ஒன்று சத்யஜித் மேயர், அதே வளாகத்தின் செல் உயிரியல்காரர். செல் சவ்வைப் பற்றி ஆயுசு முழுக்க யோசித்த ஆள் கூப்பிடு தூரத்தில் இருந்தார். வேதியியல்காரரிடம் கருவி இருந்தது. பிரம்மாண்டக் கூட்டமைப்பு எதுவும் தேவைப்படவில்லை. உங்கள் வளாகத்தில் அப்படி ஒருவர் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அவரோடு காபி குடிக்கப் போகலாம்.

இனி நான் ஜூனியருக்குச் சொன்ன வழி: பொது அலமாரி. ஐந்து குழுக்களும் ஒரே ஆராய்ச்சியைச் செய்ய வேண்டாம். ஆளுக்கொரு வேலை பார்க்கட்டும், ஆனால் கருவிகளும் அளவுகளும் ஒரே அலமாரியில் இருக்கட்டும்.

துறையில் இன்று எல்லோரும் எதைத் தொடுகிறார்கள் என்று பார்த்தால் இது ஏன் என்று புரியும். இழைகள் எப்படி ஒட்டும் என்று கணிக்க கால்டெக்கின் நுபேக். ஓரிகாமி வரைய ஹார்வர்டில் ஷான் டக்ளஸ் முன்னின்று எழுதிய கேட்நேனோ, 2009 முதல். மூலக்கூறு அசைவைக் கணினியில் ஓட்டிப் பார்க்க ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த ஆக்ஸ்-டிஎன்ஏ. முடிந்த வடிவங்களைப் போட்டுவைக்க நேனோபேஸ். எந்த நாட்டு நிதியில் தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை, ஆனால் காலையில் கணினியைத் திறந்தால் இவை இல்லாமல் வேலை நடக்காது.

இதற்கு அண்ணன் முறை ஒன்று புரத ஆராய்ச்சியில் உண்டு. புரோட்டீன் டேட்டா பேங்க் 1971இல் தொடங்கியபோது அதில் இருந்தவை ஏழே ஏழு வடிவங்கள். வடிவத்தைக் கண்டுபிடித்தவர் அதை வங்கியில் போட்டுவிட வேண்டும் என்ற வழக்கம் மெல்ல மெல்ல வந்தது. 1994 முதல் கணிப்புப் போட்டியும் நடந்தது: விடை தெரியாத புரதத்தைக் கொடுத்து, யாருடைய கணிப்பு நெருங்குகிறது என்று பார்ப்பார்கள். 2020இல் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் அந்தப் போட்டியில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டது. அது பாடம் படித்த புத்தகம் அந்த வங்கிதான். ஐம்பது வருடம் சலிக்காமல் பெட்டியில் போட்டுக்கொண்டே வந்தவர்களில் ஒருவருக்கும் 1971இல் இப்படி ஆகும் என்று தெரிந்திருக்காது.

நம் துறையில் வடிவங்களுக்கு நேனோபேஸ் வந்துவிட்டது. வேகங்களுக்கும் கசிவுகளுக்கும் அப்படி ஒன்று இல்லாததுதான் கஷ்டம். ஒரு இழை இன்னொன்றை இடம்பெயர்க்கும் வேகம், அது முதலில் பற்றிக்கொள்ளும் பிடிமுனையின் நீளத்தைப் பொறுத்தது. ஏழெட்டு எழுத்துக்குள் வேகம் பத்து லட்சம் மடங்கு மாறும் என்று டேவிட் ஜாங்கும் வின்ஃப்ரீயும் 2009இல் அளந்து காட்டினார்கள். அவ்வளவு நுணுக்கமான ஒன்றை ஒவ்வொரு ஆய்வகமும் தன் உப்பில், தன் வெப்பத்தில், தன் எந்திரத்தின் சொந்த அலகில் அளந்து எழுதுகிறது. இரண்டு கட்டுரைகளின் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் என்ன தெரியும்? எந்திரம் வேறு என்பது தெரியும்.

செயற்கை உயிரியலின் ஐஜெம் போட்டிக்காரர்கள் இதில் ஏற்கெனவே மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2014 முதல் உலகெங்கும் உள்ள மாணவர் குழுக்கள் ஒரே மரபணுத் துண்டை வாங்கி, தத்தம் ஊரில் ஒளிர்வை அளந்தன. எண்கள் கன்னாபின்னாவென்று வந்தன. பிறகு அளவு தெரிந்த ஃப்ளோரசீன் என்ற ஒளிரும் சாயக் கரைசலை எல்லோருக்கும் அனுப்பி, எந்திரத்தை முதலில் அதில் சரிபார்க்கச் சொன்னார்கள். எண்கள் பேசிக்கொள்ள ஆரம்பித்தன. மாணவர்களால் முடிந்தது ஐந்து பேராசிரியர்களால் முடியாதா?

முடியாமல் போகலாம், அதையும் சொல்லிவிட வேண்டும். அலமாரியைத் துடைத்து வைப்பவருக்குப் பதவி உயர்வு கிடையாது. மென்பொருளுக்கும் வயதாகும். கேட்நேனோவைப் புதுக் கணினியில் நிறுவுவதற்குள் ஒரு மாணவியின் கண்ணில் நீர் வந்ததைப் பார்த்திருக்கிறேன். முன்பு ஓடு அடுக்கிய டோட்டி 2020இல் உலாவியிலேயே திறக்கும் ஸ்கேட்நேனோவைக் கொண்டுவந்தபோது பலரும் பெருமூச்சு விட்டோம். அதனால் திட்டப் பணத்தில் ஒரு முழுநேரச் சம்பளம் இதற்கென்றே வேண்டும். பிஎச்டி மாணவரின் ஞாயிற்றுக்கிழமையில் இதை நடத்த முடியாது. நிதி கொடுப்பவர்களிடம் 'பழையதைப் பராமரிக்க ஒரு ஆள்' என்று கேட்பது கல்யாணத்தில் பாத்திரம் கழுவுகிறவருக்குத் தனிப் பத்திரிகை கேட்பது மாதிரிதான். ஆனாலும் கேட்டே ஆக வேண்டும்.

ஜூனியருக்கு நான் போட்ட கணக்கு இது. பணத்தில் பாதிக்கு மேல் அலமாரிக்கு: ஒரு நிரந்தர ஆள், பொதுச் சோதனைச் சுற்று ஒன்று, அளவுகளைப் போட ஒரு தளம். அடுத்த பங்கு மாணவர்கள் ஆய்வகம் மாறி உட்கார, ஆளுக்கு இரண்டு மாதமாவது. ரோபோ மாதிரிப் பெரிய இலக்கு மூன்றாம் வருடம் வரை வேண்டாம். அதற்குள் ஐந்து பேரும் ஒரே எண்ணைப் பார்த்து ஒரே அர்த்தம் கொள்ளப் பழகியிருந்தால் அப்போது யோசிக்கலாம். ஒருவேளை அவர்களில் யாருக்கும் ஈரவேலை அனுபவமே இல்லையென்றால் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, ஆள் அனுப்புவதை முதலில் வைக்கச் சொல்லியிருப்பேன்.

முதல் மாதத்துக்கு ஒரே வேலை சொன்னேன். ஒரே விற்பனையாளரிடம், ஒரே தயாரிப்பில் இழைகளை வாங்கி ஐந்தாகப் பிரித்து அனுப்ப வேண்டும். எல்லோரும் உள்ளீடு போடாத டியூபை வைத்து, இருபத்துநான்கு மணி நேரம் ஒளிர்வைப் பார்க்க வேண்டும். வரும் கசிவு எண்களை ஒரே பட்டியலில் போட வேண்டும்.

கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. "ஆய்வகத்தோட பேரையும் போடணுமா அண்ணா?"

"போடணும். முதல்ல உன்னோடதைப் போடு."